பயணம் சொல்லிக்கொண்டவள்

ஐந்து வருஷமாகக் கூப்பிடாத பெண்டாட்டியை ஒன்றரை மாதத்தில் கப்பலேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் விமலநாதன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினான். கணக்குப் போடுவது அவன் பிழைப்பு. மலாயாவில், பேராக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத்து ஆவணிக் கடைசி அது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ராஜகிரி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் அத்தனை அவசரமாக ஓடிவந்ததற்குக் காரணம் ஆசை இல்லை, சட்டம். மலாயா சர்க்கார் திடீரென்று கதவை இழுத்துச் சாத்த ஆரம்பித்திருந்தது. புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே என்று சேர்ந்தாற்போல் ஐந்து வருஷம் பிரிந்திருந்தால், அந்தப் பெண்டாட்டிக்கு இனி உள்ளே வர இடம் கிடையாதாம். சேதி வந்த அன்று தோட்டத்தில் பாதி ஆண்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நேற்றுவரை 'அவ ஊர்லயே இருக்கட்டும்' என்று சீட்டாடிக்கொண்டிருந்த ஆசாமிகளெல்லாம் தபாலாபீசில் முண்டியடித்துக்கொண்டு தந்தி கொடுத்தார்கள். விமலநாதனுக்கு அந்த ஐப்பசியோடு ஐந்து வருஷம் முடிகிறது. ஆபீஸ் ஆபீசாக அலைந்து தர்மவதி பேருக்கு ஓர் அனுமதிச் சீட்டு வாங்கினான். ஐப்பசி முடிவதற்குள் அவள் பினாங்கில் இறங்கினால் உண்டு. தப்பினால் அப்புறம் எந்தக் காலத்திலும் இல்லை. அவன் திரும்பிப் போவதற்கு மட்டும் அடுத்த சித்திரை வரைக்கும் தவணை இருந்தது.

தர்மவதி தன் அண்ணன் அஜிததாஸ் வீட்டில் இருந்தாள். அஜிததாஸுக்குக் கடைவீதியில் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு அந்தச் சீமையில் மல்லாட்டை என்றுதான் பேர். மண்டிக்குப் பின்கட்டிலேயே வீடு. விமலநாதன் உள்ளே நுழைந்தபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்து சொத்தைக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டு, "தண்ணி எடுத்தாறன்" என்று உள்ளே போய்விட்டாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த புருஷனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

சமண வீடு; ஊரார் நைனார் வீடு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இலை போட்டதுமே விமலநாதன் விஷயத்தை உடைத்துவிட்டான்.

"சட்டம் மாறிப்போச்சி. ஐப்பசிக்குள்ள போய் எறங்கலன்னா அப்பறம் எப்பவும் வுடமாட்டான். கப்பலுக்கு ரெண்டு பேருக்கும் சீட்டு போட்டுட்டன். மூட்டைய கட்டு."

அஜிததாஸ் தலை நிமிராமல் ரசத்தைப் பிசைந்தான். அவன் பெண்டாட்டி மருதேவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். தர்மவதி மட்டும் நிதானமாக விமலநாதன் இலையில் நெய்யை விட்டாள்.

"நான் வரமுடியாது. திசை விரதம் எடுத்துருக்கறன்."

நாலு திசையிலும் இன்ன இடத்துக்கு மேல் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று எல்லை வைத்துக்கொள்வது சமணக் குடும்பங்களில் உள்ள வழக்கம். நடமாட்டம் குறைந்தால் நம்மால் சாகிற உயிரும் குறையும், வருகிற ஆசையும் குறையும் என்பது அதில் உள்ள நியாயம். ஆனால் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, முட்டியில் வலி வந்து, எப்படியும் எங்கேயும் போகமுடியாது என்று ஆன பிறகுதான் சாதாரணமாக அதை எடுப்பார்கள். இருபத்தாறு வயதுப் பெண் எடுத்ததாக விமலநாதன் கேள்விப்பட்டதே இல்லை.

"எதுவரைக்கும் எல்ல?"

"கெழக்க திண்டிவனம், மேற்க திருவண்ணாமல. தெக்க விழுப்புரம், வடக்க சீயமங்கலம்."

"கப்பல கொண்டாந்து திண்டிவனத்துல நிறுத்தச் சொல்லட்டுமா?"

அவன் நக்கலுக்கு யாரும் சிரிக்கவில்லை. தர்மவதி அடுத்த இலைக்குப் போய்விட்டாள். விமலநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. இதில் என்னமோ இருக்கிறது என்று அப்போதே அவன் மூக்கில் வேர்த்தது. மலாயா சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது தெரிந்து முன்கூட்டியே விரதம் எடுத்தாளா? யார் சொல்லி எடுத்தாள்? யாருக்கு லாபம்?

யாருக்கு லாபம் என்று கேட்டால் கிராணி புத்தி முதலில் நிலத்துக்குத்தான் போகும். தொண்டூரில் அவன் பங்குக்கு வந்த நிலம் இருந்தது, ஒரு பழைய ஓட்டு வீட்டோடு. கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும்படி அஜிததாஸிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தங்கச்சி ஊரிலேயே இருந்தால் நிலமும் கைவிட்டுப் போகாது. மச்சான் மண்டிக்கு மல்லாட்டையும் தவறாமல் வந்து விழும். இப்படி முடிச்சுப் போட்டதும் விமலநாதனுக்கு எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. மறுநாளே யாரிடமும் சொல்லாமல் தொண்டூர் பஸ் ஏறினான்.

நிலத்தைப் பயிர் செய்கிற பச்சைமுத்து களை வெட்டிக்கொண்டிருந்தான். விமலநாதன் நேராகக் கேட்காமல் மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி எல்லாம் பேசி ஆழம் பார்த்தான். பச்சைமுத்து வெள்ளந்தி. ஆழம் பார்க்கத் தேவையே இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"மண்டிக்கார நைனாரா? அவரு இந்தக் கொல்லைய மிதிச்சி எத்தினியோ வருசமாவுது நைனாரே. எல்லாம் அம்மாதான். வெத வுடறப்ப வருவாங்க, அறுப்புக்கு வந்து களத்துலயே நிப்பாங்க. அண்ணன் மண்டிக்குக்கூட போடமாட்டாங்க. வெல கம்மியா போட்றாராம். திண்டிவனத்துக்கு வண்டி கட்டி அனுப்பிடுவாங்க."

விமலநாதனுக்குக் கொஞ்சம் அவமானமாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. திருடன் என்று நினைத்தவன் திருடன் இல்லை என்று தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டும். அவனுக்கு என்னமோ கையிலிருந்த பொருளைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மருதேவியிடம் நூல் விட்டுப் பார்த்தான். அவள் அதைவிட ஒரு படி மேலே போனாள்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போவும், எப்படினா கூட்டிம்போயிடுங்க. நாத்தனார வெச்சிக்கினு குடித்தனம் பண்றது இன்னான்னு உங்களுக்குத் தெரியாது. உப்பு கூடிப்போச்சின்னு வாயால சொல்லமாட்டா. மூஞ்சிய பாத்து நாம தெரிஞ்சிக்கணும்."

ஆக இந்த வீட்டில் அவளைப் பிடித்து வைத்திருப்பவர் யாருமில்லை. அப்படியானால் வெளியில் யாரோ இருக்கிறார்கள். இப்படித்தான் ஓடும் அந்தப் புத்தி. ஒன்று பொய்யாகப் போனால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். தன் பக்கம் மட்டும் ஒருநாளும் திரும்பாது. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெண்டாட்டியைப் பார்க்க ஆரம்பித்தான். பார்த்ததில் ஒன்று தெரிந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவள் கக்கத்தில் ஒரு துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம்தான் திரும்புகிறாள். எங்கே என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனான். சந்தை நாள். கூட்டத்தில் மறைந்து மறைந்து போவது சுலபமாக இருந்தது. கடைவீதி தாண்டி, கோட்டைக்குப் போகிற பாதையில் திரும்பி, ஓட்டு வீடு ஒன்றுக்குள் நுழைந்தாள் தர்மவதி. நிலைக்கு மேல் ஒரு சிலுவை. விமலநாதன் எதிர்ப்புறத்துப் புளியமரத்தடியில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள், பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, தலையை வாரிக்கொண்டு, விசிலடித்தபடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

விமலநாதன் ஒரே தாவலில் பாதையைக் கடந்து கதவைத் தள்ளினான்.

உள்ளே ஒரு தையல் மிஷின். அதன் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க கனத்த அம்மாள் ஒருத்தி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். கீழே பாயில் தர்மவதி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் தைத்து முடித்த ரவிக்கைகள் அடுக்கியிருந்தன. அவ்வளவுதான்.

தர்மவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தினாள்.

"பாத்தாச்சா?"

அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, அவனைத் தொடாமல் ஒதுங்கி, வாசல் இறங்கிப் போய்விட்டாள்.

அந்த அம்மாள் பேர் அமலோற்பவம். காக்கிச் சட்டைக்காரன் அவள் தம்பி பால்சாமி, பஸ் டிரைவர். மிஷினை நிறுத்திவிட்டு அவள் விமலநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காரும் நைனாரே. நின்னுக்கினு நடுங்காதீரும். பொண்டாட்டிய வேவு பாக்க வந்தீரா? நல்லாருக்குது! உம்ம பொண்டாட்டி கல்யாணமான வருசம் இந்த ஊர்ல எத்தினி வூட்ல விருந்து சாப்ட்டான்னு தெரியுமா உமக்கு?"

"இன்னா விருந்து?"

"பயணம் சொல்லிக்கற விருந்துய்யா. பாஸ்போட்டு வந்துட்டுது, மலாயாவுக்குக் கப்பலேறப் போறான்னு வூட்டுக்கு வூடு கூப்ட்டு எல போட்டாங்க. பொடவ வெச்சிக் குடுத்தாங்க. நான்கூட, உங்க சாதிக்கு கோழி ஆவாதேன்னு பாயசம் வெச்சன். எல்லார் வூட்லயும் துன்னுட்டு, எல்லார்கிட்டயும் போய்ட்டு வறன்னு சொல்லிக்கினு, பொட்டிய கட்டி வெச்சிட்டு உக்காந்துனு இருந்தா. நீரு முன்னால போய் கடுதாசி போட்டீரு, காட்டுல சண்ட நடக்குது, இப்ப வராதேன்னு."

"சண்ட நெசந்தாங்க..."

"இருக்கட்டும். நெசமாவே இருக்கட்டும். அப்பறம் அவ கொளத்தாண்ட போனா, இன்னும் போவலியான்னு கேப்பாளுங்க. கோயிலாண்ட போனா, இன்னும் போவலியா. ஒரு பொங்க போச்சி, ரெண்டு பொங்க போச்சி. அப்பறம் கேக்கறத வுட்டுட்டாளுங்க. கேக்காம பாக்கறாளுங்க பாரும், அது அதவிட மோசம். துன்ன சோத்த திருப்பியா குடுக்கமுடியும்? ரெண்டு பொடவைய திருப்பிக் குடுக்கப் போனா, தெரியுமா. அவங்க வாங்கிக்கல."

விமலநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் விடவில்லை.

"அந்த வருச மழைக்குத்தான் உங்க சாமியாரம்மா, அந்த அம்மாஜி, தொண்டூர்ல வந்து தங்கனாங்க. இவ போய் விரதம் வாங்கிக்கினு வந்தா. அன்னியிலேந்து எவனா கேட்டா தலைய தூக்கிக்கினு சொல்லுவா, நான் விரதத்துல கீறன், நான் போவக்கூடாதுன்னு. புருசன் கூப்டலன்னு சொல்றதுக்கு இது எவ்ளோ மேல்! போவும், போய் வேற யாரையினா வேவு பாரும்."

வெளியே வந்து நடந்தபோது விமலநாதனுக்குக் காது சூடாக இருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சர்க்காருக்குச் சண்டை நடந்தது பொய் இல்லை. ராத்திரியில் வெளியே தலைகாட்ட முடியாது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஆனால் அதே தோட்டத்தில், அதே முள்கம்பிக்குள், கூட வேலை பார்த்த யாகப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தான். சண்டை ஓய்ந்துபோன பக்கங்களுக்கு மாற்றல் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். விமலநாதன் கேட்கவில்லை. அங்கே வேறு பெண் யாரும் அவனுக்கு இல்லை. சமைத்துப் போட ஆள் இருந்தான். சாயங்காலம் சீட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் படம் இருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டான். சொல்லிக்கொள்ளும்படியான காரணம் ஒன்றுமே இல்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் சந்தேகத்தை விட்டிருப்பான். விமலநாதன் விடவில்லை. ஊர்வாயை அடைக்க எடுத்த விரதம்தானே? இப்போதுதான் புருஷன் வந்துவிட்டானே, ஊருக்கு முன்னால் ஜம்மென்று கப்பலேறலாமே? அப்புறம் என்ன பிடிவாதம்? அந்த அம்மாஜிதான் ஏதாவது சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்க வேண்டும். துறவிகள் சகவாசம் அவனுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

அம்மாஜி அந்த வருஷம் வீடூரில் இருந்தார். சமணத் துறவிகள் எங்கே போனாலும் நடந்தேதான் போவார்கள். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஈரமண்ணில் புழு பூச்சி மிதிபடும் என்று நாலு மாதம் ஒரே ஊரில் தங்கிவிடுவார்கள். ஆகவே ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விமலநாதன் பஸ் மாறி, முதல்நாள் மழைச் சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தான். கோயிலை ஒட்டிய அறையில் வெள்ளைச் சேலையில் ஒரு சின்ன உருவம், பக்கத்தில் மயிற்பீலி. அவன் நினைத்து வந்த மாதிரி பயமுறுத்துகிற முகமாக அது இல்லை. ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விழுந்து கும்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னான். சட்டம், தவணை, கப்பல், எல்லாம்.

"நீங்கதான் அவள விரதத்துலேந்து வுடுவிக்கணும்."

"நான் எதுக்கு வுடுவிக்கணும்?" என்றார் அம்மாஜி. "எல்லைய சொன்னது அவ. காலத்த சொன்னதும் அவ. எத்தினி வருசத்துக்கும்மான்னு கேட்டன். அவரா வந்து என்ன வான்னு கூப்டற வரைக்கும்னு சொன்னா. அப்படியே குடுத்தன். நீங்கதான் அவரா?"

"ஆமாங்க."

"கூப்டிங்களா?"

"கூப்டனே! அதுக்குத்தானே கடல் தாண்டி வந்துருக்கறன்!"

"அப்ப விரதம் முடிஞ்சிபோச்சே," என்றார் அவர், அதில் தமக்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி. "முடியலன்னு அவ நெனச்சா, அது ஏன்னு அவளத்தான் கேக்கணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் விமலநாதன் தான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். சட்டம் மாறிப்போச்சி என்று சொன்னான். வுடமாட்டான் என்று சொன்னான். மூட்டைய கட்டு என்று சொன்னான். கப்பல் கம்பெனிக்காரன்கூட அதைவிடக் கனிவாகப் பேசுவான்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தர்மவதி முற்றத்தில் காயப்போட்ட மல்லாட்டையைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் போய் நின்றான்.

"தர்மவதி, நான் கூப்படறன். வா. என்னோட வா."

அவள் கை நின்றது. அந்த ஒரு கணம் அவள் முகத்தில் என்னவோ இளகின மாதிரிதான் இருந்தது. உடனே அவன் காலைப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் வீடூர்ச் சேறு.

"அம்மாஜிய பாத்திங்களா?"

அவன் குனிந்து சேற்றைத் துடைக்கப் பார்த்தான்.

"மொதல்ல சட்டம் சொல்லி வந்திங்க. இப்ப அம்மாஜி சொல்லி கூப்படறிங்க. நீங்களா எப்ப கூப்பிடுவிங்க?"

"இன்னா பேசற நீ? கூப்ட்டா ஏன் கூப்படறன்ற, கூப்டலன்னா ஏன் கூப்டலன்ற..."

"அங்க யாருனா இருக்காளா?"

"யாரும் இல்ல. சத்தியமா யாரும் இல்ல."

"இருந்தா தேவல," என்றாள் தர்மவதி. குரல் உயரவில்லை. "இருந்துதுன்னா, சரி, அவளாலதான் என்ன கூப்டலன்னு நெனச்சிக்குவன். யாரும் இல்லாமயே அஞ்சி வருசம் என்ன வேணாம்னு இருந்திங்களே, அத எங்க கொண்டுபோய் வெப்பன்? இப்ப வாசல மூடறான்னு ஓடியாறிங்க. மூடலன்னா வந்துருப்பிங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. இத்தனை நாள் ஊரில் ஒவ்வொருவரையாகச் சந்தேகப்பட்டுத் தீர்த்தவன், பெண்டாட்டி கேட்ட அந்தக் கேள்விக்குத் தன் மனசையே நம்ப முடியாமல் நின்றான்.

"நான் இன்னா பண்ணா நீ நம்புவ?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"கப்பல் போவட்டும். அப்பால கூப்டுங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மழை பிடித்துக்கொண்டது. விமலநாதனுக்கு ஆத்திரமாக வந்தது. கப்பல் போய்விட்டால் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? கூப்பிட்டாலும் போகமுடியாத இடத்துக்குக் கூப்பிடச் சொல்கிறாளே, இது என்ன பைத்தியக்காரத்தனம்? அஜிததாஸ் ஒருநாள் மண்டியில் உட்காரவைத்துச் சமாதானம் சொன்னான்.

"அவ பேச்ச கேட்டு பொழப்ப கெடுத்துக்காத மாப்ளே. இப்ப நீ மட்டும் போ. பின்னால ஏதாவது வழி பொறக்கும்."

பின்னால் வழி ஒன்றும் பிறக்காது என்று விமலநாதனுக்குத் தெரியும். இருந்தாலும் கிளம்பினான். சென்னைக்குப் போய்க் கப்பலைப் பிடிக்கக் கடைசி ரயில் என்றைக்கோ அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். தர்மவதி உள்கதவு வரைக்கும் வந்து நின்றாள். போய்ட்டு வறன் என்று அவன் சொன்னதற்குத் தலையை ஆட்டினாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான்.

திண்டிவனம் ஸ்டேஷனில் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது. ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. இதைப் பெரிய தியாகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உட்கார்ந்திருந்தபோது அவன் மனசில் இருந்தது கோபம்தான். இவள் என்ன எனக்குப் பரீட்சை வைப்பது என்று நினைத்தான். போனால் அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தான். சமையல்காரனும் சீட்டுக்கட்டும் நினைவுக்கு வந்தன. யாகப்பன் பெண்டாட்டி, வேலை முடிந்து வருகிறவனுக்கு வாசலில் விளக்கேற்றிவிட்டு நிற்பது நினைவுக்கு வந்தது. தர்மவதி கட்டி வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்ததில்லை. இப்போது தன் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தான். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். ஓடவில்லை. அது போன பிறகும் வெகுநேரம் அங்கேயே கிடந்தான்.

பெட்டியோடு அவன் திரும்பி வந்ததைப் பார்த்து, ரயிலைத் தவறவிட்டுவிட்டான் என்று அஜிததாஸ் தலையில் அடித்துக்கொண்டான். விமலநாதன் மறுத்துப் பேசவில்லை. தர்மவதி அவனுக்கு இலை போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கப்பல் துறைமுகத்தை விட்டுப் போயிருக்கும் என்று நிச்சயமான பிறகு முற்றத்துக்குப் போனான். மழை விட்டிருந்தது. தர்மவதி ஈரமாகிவிட்ட கோணிகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"தர்மவதி. வா."

"எங்க?"

அவன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை.

"தொண்டூருக்கு. நம்ம வூடு ஒழுவுது, பாத்தன். ஓடு மாத்திட்டு அங்கயே இருந்துக்கலாம். நெலத்த நான் பாக்கறன். சித்திரைக்கும் நான் போவல. இனிமே போவமாட்டன்."

தர்மவதி கோணியைக் கீழே போட்டாள். அவனை உற்றுப் பார்த்தாள். மண்டியில் மூட்டையைப் பிரித்து, மேலே நல்ல கொட்டையும் அடியில் சொத்தையுமாக இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுகிறவள் பார்க்கிற பார்வை அது.

"அங்க வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?"

விமலநாதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கப்பலை விட்டு, வேலையை விட்டு வந்து நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வரவில்லை.

"இல்ல."

"கணக்குல ஏதாவது தப்பு தண்டா பண்ணிட்டிங்களா?"

"இல்ல."

"ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல தர்மவதி. ஒண்ணும் இல்ல."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "உங்கள நம்ப முடியாது," என்று சொல்லிக்கொண்டே, துணிமணிகளை எடுத்துக் கட்ட உள்ளே போனாள்.